தேர்வறைக் கண்காணிப்பாளர் பயிற்சி
அரசு வேலைத் தேர்வுகளை அறையில் நடத்துவோருக்குத் தரப்படும் முன்பயிற்சி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு நாளில், திருநெல்வேலி டவுன் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஆசிரியர்களே இந்த வேலையைப் பார்க்கிறார்கள். வகுப்பைக் கட்டி மேய்த்த அனுபவம் மட்டும் இதற்குப் போதாது; முறைகேட்டைத் தடுக்கும் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

2019 செப்டம்பர் 1இல் ஆணையம் நடத்திய குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் மறையும் மையால் விடை குறித்தனர். விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் அவற்றில் சரியான விடைகள் நிரப்பப்பட்டன. 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. அதன்பின் 2020இல் விதிகள் இறுகின: தெரியாத கேள்விக்குத் தனி வட்டம், இடது பெருவிரல் ரேகை, நிரப்பிய வட்டங்களை எண்ணி எழுதக் கூடுதலாக 15 நிமிடம். எண்ணிக்கை பிசகினால் மதிப்பெண் கழியும் என்றும் அப்போது விதிக்கப்பட்டது. அந்த விதிகளில் பயிற்சியில் அதிகம் வலியுறுத்த வேண்டியிருந்ததும் இந்த 15 நிமிடத்தைத்தான்.