சேற்றின் மேல் எழுந்த கரைகள்

செம்புத் தாதுவை நூறு டன் வெட்டினால் ஒரு டன் செம்புகூடத் தேறாத சுரங்கங்கள் உண்டு. மீதியெல்லாம் மாவாக அரைபட்டு, நீரோடு கலந்து, சேற்றுக் குழம்பாக ஆலையிலிருந்து வெளியேறுகிறது. சுரங்கம் ஓடும்வரை இந்தக் குழம்பும் நிற்காது. அதைத் தேக்க மண்கரை எழுப்புகிறார்கள்.

இந்தக் கரையை நம் ஏரிக்கரையோடு ஒப்பிட்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். ஏரிக்கரை கெட்டியான நிலத்தில் கால் ஊன்றி நிற்கிறது. சுரங்கக் கழிவு அணையோ ஆண்டுக்கு ஆண்டு உயர வேண்டும். குறைந்த செலவில் உயர்த்த ஒரு வழி கண்டார்கள்: முதல் கரைக்குள் தேங்கிய சேறு சற்று இறுகியதும், அதன் மேலேயே உள்பக்கம் தள்ளி அடுத்த கரையைப் போடுவது. இப்படிப் படிப்படியாக ஏறும் ஒவ்வொரு கரைக்கும் பழைய சேறுதான் அடித்தளம்.

அந்தச் சேறு இறுகியதுபோலத் தோன்றினாலும் உள்ளே நீர் நிற்கும். மணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும்வரை அது நிலம். அதிர்ச்சியாலோ பாரத்தாலோ இடுக்கில் உள்ள நீரின் அழுத்தம் ஏறினால் துகள்களின் பிடி விட்டுப்போகும். நொடிகளில் மொத்தமும் திரவமாகிவிடும்.

1965 மார்ச் 28, ஞாயிறு நண்பகல். சிலி நாட்டின் நடுப்பகுதியில் நிலம் நடுங்கியது. எல் கோப்ரே செம்புச் சுரங்கத்தின் கழிவு அணைகள் உடைந்து, கீழே இருந்த தொழிலாளர் குடியிருப்பைச் சேறு மூடியது. சுமார் 12 கிலோமீட்டர் ஓடியது அந்தச் சேறு; இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். சிலி 1970-ல் அரசாணை எண் 86 மூலம் இந்த உள்நோக்கி ஏறும் கட்டுமுறைக்குத் தடை போட்டது. உலகம் அதைப் பாடமாக எடுத்திருக்க வேண்டும். பூகம்பம் உள்ள நாட்டின் தலைவலி என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

இத்தாலியின் ஸ்டாவா பள்ளத்தாக்கில் பூகம்பம் தேவைப்படவில்லை. அங்கே ஃப்ளோரைட் சுரங்கத்தின் இரண்டு தேக்கங்கள், மலைச்சரிவில் ஒன்றன் தலைமேல் ஒன்றாக இருந்தன. 1974-ல் தெசேரோ ஊராட்சி, இவை பாதுகாப்பானவைதானா என்று கேட்டது. கேள்வி நியாயமானது, ஆனால் சோதிக்கும் வேலை சுரங்க நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டது! பாதகமில்லை என்று பதில் வந்தது, கரையும் உயர்ந்தது. 1985 ஜனவரியில் மேல்கரையில் ஒரு பகுதி சரிந்தது. கோடையில் கீழ்த்தேக்கத்தில் குழி விழுந்தது. பழுது பார்த்து மீண்டும் நிரப்பினார்கள். ஜூலை 19 அன்று பகல் 12.22-க்கு மேல்கரை இடிந்து கீழ்க்கரை மேல் விழுந்தது. 1,80,000 கனமீட்டர் சேறு மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி, கோடைக்கு வந்து தங்கியிருந்தவர்களையும் ஊர்க்காரர்களையுமாக 268 பேரைக் கொன்றது.

அப்போதும் இந்த முறை நிற்கவில்லை. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் 2015 நவம்பரில் ஃபுண்டாவ் அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். இரும்புச் சேறு தோசே ஆற்றின் வழியே அட்லாண்டிக் கடல்வரை போனது. அதே மாநிலத்தில் புருமாடின்ஹோ ஊரருகே வாலே நிறுவனத்தின் அணை ஒன்று 86 மீட்டர் உயரத்தில் நின்றது. 1976-ல் தொடங்கிய கரை அது. 2016-க்குப் பிறகு அதில் கழிவு கொட்டப்படவில்லை. உறுதியாக இருக்கிறது என்று 2018-ல் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் ஊழியர்களின் உணவுக்கூடமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே இருந்தன. 2019 ஜனவரி 25, மதிய உணவு நேரத்தில் கரை முழுவதும் ஒரே வீச்சில் நொறுங்கியது. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை. 270 உயிர்கள் போயின.

காரணத்தை ஆராய்ந்த வல்லுநர் குழு, பூகம்பமோ வெடியோ அதைத் தூண்டவில்லை என்றது. வடிகால் போதாமல் கரைக்குள் நீர் உயர்ந்தே நின்றிருக்கிறது. கன மழையும், பாரத்தால் மெல்ல நிகழ்ந்த உள்நகர்வும் போதுமாக இருந்தன.

சிலி தடை செய்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2019-ல் பிரேசிலும் இந்த முறைக்குத் தடை விதித்தது. ஏற்கெனவே நிற்பவற்றைக் கலைக்க 2022 பிப்ரவரி கெடு. பல அணைகள் அதைத் தாண்டிவிட்டன. கலைப்பதும் ஆபத்தான வேலைதான். சில அணைகளின் மேல் மனிதரை ஏற்றாமல், தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரங்களைக் கொண்டு மண்ணை அள்ளுகிறார்கள். ஒருவேளை உடைந்தால் சேற்றைத் தடுக்க, கீழே முன்கூட்டியே பெரும் சுவர்களையும் எழுப்பியிருக்கிறார்கள்.