செய்யூர் வரை ஒரு சார்ஜ்

சென்னையிலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால் மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டி ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் செய்யூர். உப்பளங்களும் பழைய கந்தசாமி கோயிலும் உள்ள ஊர். மின்சாரக் காரின் வரலாற்றை அளக்க இதைவிடத் தோதான மைல்கல் எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் காலத்து மின்சாரக் கார் ஒரே சார்ஜில் செய்யூர் வந்து சேர்ந்திருக்கும்? விடை கொஞ்சம் வேடிக்கையானது.

1859-ல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். நம் வீட்டு இன்வெர்ட்டரோடு இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். 1881-ல் பாரிஸ் தெருவில் குஸ்தாவ் த்ரூவே மின்சார மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் காரும் மின்சாரக் கார்தான். ஓட்டியவர் பெல்ஜியத்துக்காரரான காமில் ஜெனாட்சி. நம் ஊரும் சும்மா இருக்கவில்லை. 1895 மே மாதமே மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். மழைக்காலம் அதற்குப் பாடம் புகட்ட, கம்பி தலைக்கு மேலே ஏறியது.

1910-களில் அமெரிக்காவில் 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்றொரு கார் விற்றது. ஒரு சார்ஜில் 130 கிலோமீட்டர் என்று விளம்பரம். வேகம் மட்டும் மணிக்கு முப்பது சொச்சம். கட்டுச்சோற்றோடு காலையில் கிளம்பியிருந்தால் மதியத்துக்குள் செய்யூர் வந்திருக்கும். அதில் வலம்வந்த பெண்களில் ஒருவர் கிளாரா ஃபோர்டு. பெட்ரோல் காரை வீடுதோறும் சேர்த்த ஹென்றி ஃபோர்டின் மனைவி! புகையும் சத்தமும் இல்லாத வண்டி, 'ஹேண்டில் அடித்து' ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்பதுதான் கவர்ச்சி. 1912-ல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தக் கவர்ச்சியும் போயிற்று. ஒரு சின்ன மின்சார மோட்டார்தான் மின்சாரக் காரைக் கவிழ்த்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் உறக்கம். எழுப்பிவிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? எண்ணெய் நிறுவனமான எக்ஸான். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் அதன் ஆய்வகத்தில்தான் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரிக்கு அடித்தளம் போட்டார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் அதை மேம்படுத்த, ஜப்பானில் அகிரா யோஷினோ பத்திரமாக்க, 1991-ல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது, அதுவும் வீடியோ கேமராவுக்காக! மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு.

இந்தியாவுக்கு அந்த லித்தியம் வருமுன் 1993-ல் வந்தது 'லவ்பேர்டு'. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் உருவான இரண்டு இருக்கைக் கார். நாட்டின் முதல் மின்சாரக் கார் என்பார்கள். பிளாந்தே வழிவந்த ஈய பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீட்டர். மாமல்லபுரத்தோடு சரி. கிளாரா அம்மையாரின் வண்டி எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தாண்டியிருக்கும்.

2001-ல் வந்த பெங்களூரின் 'ரேவா'வும் 80 கிலோமீட்டரோடு சரி. ஆனால் அதற்கு லண்டனில் யோகம் அடித்தது. 2003-ல் அங்கே நெரிசல் கட்டணம் வந்தது. அப்போது மின்சார வண்டிக்கு விலக்கு இருந்தது. 'ஜி-விஸ்' என்ற பெயரில் பெங்களூர் பொம்மைக் கார் லண்டன் தெருக்களில் ஓடியது. 2010-ல் மஹிந்திரா அதை வாங்கிக்கொண்டது.

இதற்கிடையே ஒரு பேட்டரித் தகராறு. குட்இனஃப் பின்னர் டெக்சாஸில், இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த மலிவான லித்தியம் பேட்டரியைக் கண்டறிந்தார். அங்கே வந்து வேலை பார்த்த ஜப்பானிய ஆய்வாளர் வழியாக அந்த ரகசியம் என்டிடி நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது, 2008-ல் சமரசம். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, அந்தச் சரக்கை மலைபோலச் செய்து குவித்தது சீனா. அதில் முன்வரிசை பிஒய்டி. செல்போன் பேட்டரியில் தொடங்கிய இந்த நிறுவனம், செல்போன் பாகங்கள் செய்ய 2007-லேயே ஸ்ரீபெரும்புதூர் வந்துவிட்டது.

2019 ஜூலையில்தான் பெரிய கார் நிறுவனம் ஒன்று மின்சார எஸ்யூவியோடு இந்தியச் சந்தையில் இறங்கியது: சென்னை ஆலையில் ஒன்றுசேர்த்த ஹூண்டாய் 'கோனா'. அரசுச் சோதனைப்படி 452 கிலோமீட்டர். செய்யூர் போய் வந்து, மறுபடியும் போய் வரலாம். விலை 25.30 லட்சம் ரூபாய்! ஆறே மாதத்தில் டாடா 'நெக்ஸான்' 13.99 லட்சத்தில் வந்து நின்றது. முன்னோடி என்ற பெயர் கோனாவுக்கு, விற்பனை டாடாவுக்கு. 2024-ல் கோனா விடைபெற்றது. 2025 ஜனவரியில், வீதியெங்கும் ஓடும் 'கிரெட்டா'வுக்கே பேட்டரி பூட்டி, 17.99 லட்சத்திலிருந்து விற்கத் தொடங்கியது ஹூண்டாய். படித்த பாடம் என்றே சொல்வேன்.

ரேவாவை வாங்கிய மஹிந்திராவின் பொறியாளர்கள் இருப்பது செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மஹிந்திரா 'பிஇ 6இ' என்ற மின்சார எஸ்யூவியை அறிமுகம் செய்தது. உள்ளே பிஒய்டியின் இரும்பு பாஸ்பேட் செல்கள். '6இ எங்கள் அடையாளம்' என்று இண்டிகோ விமான நிறுவனம் நீதிமன்றம் போக, வால் எழுத்தை வெட்டி 'பிஇ 6' ஆக்கிவிட்டார்கள். பெரிய பேட்டரிக்கு 682 கிலோமீட்டர் என்கிறது சான்றிதழ்.

ஏசியும் ஈசிஆர் வேகமும் எதிர்காற்றும் சேர்ந்தால் எந்தச் சான்றிதழும் கால்வாசி இளைக்கும். வாங்குகிறவர்கள் முக்கால் கணக்கே போடுங்கள். அப்படிப் போட்டாலும் பிஇ 6-ல் செய்யூருக்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம்.