பூதலூர்

பூதலூர், தஞ்சாவூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் திருச்சி இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர். வட்டத்துக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம். முன்பு தஞ்சாவூர் வட்டத்துக்குள் இருந்து பின்னர் தனி வட்டமானது. திருவையாறு சட்டமன்றத் தொகுதியிலும் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, கோவிலடி, பூண்டி, செங்கிப்பட்டி என்று வெளியூர்க்காரர் நன்கறிந்த பெயர்கள் பலவும் இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன. தலைமையிடமான பூதலூரோ இன்றும் வயல்சூழ்ந்த சிற்றூராகவே இருக்கிறது.

நிலமும் நீரும்

காவிரிப் படுகை தொடங்கும் இடம் இது. வட்டத்தின் வடக்கே கொள்ளிடமும் காவிரியும் ஓடுகின்றன. திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அதற்குத் தெற்கே வெண்ணாறு. இந்தப் பக்கம் முழுவதும் ஆற்று வண்டல். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் நன்செய், வாழைத்தோப்பு, கரும்பு. இருப்புப்பாதையைத் தாண்டித் தெற்கே செங்கிப்பட்டி பக்கம் போகப்போக நிலம் மேடாகிறது. வல்லம் வரை நீளும் செம்மண் மேட்டு நிலம் அது. அங்கே ஆறு கிடையாது. ஏரியும் ஆழ்துளைக் கிணறும்தான் சாகுபடியைத் தாங்குகின்றன. ஒரே வட்டத்தில் இரண்டு விதமான உழவு நடப்பதற்கு இந்த மேடு பள்ளமே காரணம்.

வடக்குப் பகுதிக்குக் கல்லணையே தலைமதகு. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இந்த அணை 329 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. காவிரியின் தண்ணீர் கொள்ளிடத்தின் பள்ளத்தில் இறங்கி வீணாகாமல் தடுப்பதே அதன் வேலை. அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை எதிரிகளும் அறிந்திருந்தார்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போரில் தஞ்சை அரசு ஆங்கிலேயர் பக்கம் நின்றது. 1754 மே மாதம் பிரெஞ்சுப் படை ஒன்று கோவிலடிக் கோட்டையைப் பிடித்து, இரண்டு ஆறுகளையும் பிரிக்கும் கரையை வெட்டியது. கரை போனால் தஞ்சைச் சீமையின் நெல் போகும் என்பதே கணக்கு. பின்னர் 1830களில் ஆர்தர் காட்டன் கல்லணையில் மணற்போக்கிகள் அமைத்து, கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மேலணையும் கட்டியதால் காவிரி மண்மேடிட்டுத் தூர்வதும் நீர் கொள்ளிடத்துக்கே ஓடுவதும் கட்டுக்குள் வந்தன.

1934இல் முடிந்த காவிரி–மேட்டூர் திட்டம் இந்தப் பகுதிக்குப் புதிய ஆறு ஒன்றைக் கொடுத்தது. கல்லணைக் கால்வாய் என்பது ஏட்டுப் பெயர். மக்கள் சொல்வது புது ஆறு. ஏறக்குறைய 148 கி.மீ. ஓடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை சுமார் 2.27 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. இதைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரையோடு தரைக்கும் கான்கிரீட் போடுவதை இப்பகுதி விவசாயிகள் எதிர்த்தார்கள். மணற்பாங்கான அடித்தரை வழியே ஊறும் நீர்தான் பக்கத்துக் கிணறுகளைப் பிழைக்க வைக்கிறது என்றார்கள். அது நியாயமான வாதம். கடைமடைக்குத் தண்ணீர் விரைந்து போவது எவ்வளவு தேவையோ, வழியில் உள்ள நிலத்தடி நீர் நிலைப்பதும் அவ்வளவு தேவை.

தெற்கு மேட்டின் ஏரிகளுக்கு இரண்டு வரத்துகள்: மாயனூரிலிருந்து வரும் புதிய கட்டளை மேட்டு வாய்க்கால், திருச்சிப் பக்கமிருந்து வரும் உய்யக்கொண்டான் நீட்டிப்பு வாய்க்கால். இரண்டுக்கும் இதுவே கடைசிப் பகுதி.

இருப்புப்பாதை

நாகப்பட்டினத்திலிருந்து கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே போட்ட பாதை 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சியையும் எட்டியது. பூதலூர் அந்தப் பாதையில் வருகிறது. முதலில் அகலப் பாதையாக இருந்து, 1875இல் மீட்டர் பாதையாகி, 1990களின் இறுதியில் மீண்டும் அகலப் பாதையானது. இன்று மின்மயமான இரட்டைப் பாதை. திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ரயில் என்றால் பூதலூர் நிலையம்தான். திருச்சி வேலைக்கும் தஞ்சாவூர்க் கல்லூரிக்கும் போகிறவர்கள் காலையில் இங்கேதான் வண்டி பிடிக்கிறார்கள்.

வேளாண்மை

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். குறுவை, அதன்பின் தாளடி. அல்லது ஒரே போகமாகச் சம்பா. குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அதனால் தார்ச்சாலை ஓரத்திலேயே நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் காயவைத்து, மேகம் கறுத்தால் படுதா போட்டு மூடுவது அக்டோபரில் அன்றாட வேலை.

கோயில்களும் கலையும்

திருக்காட்டுப்பள்ளி அக்னீஸ்வரர் கோயில் தேவாரத் தலம். கோவிலடி அப்பக்குடத்தான் கோயில் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பெருமாளுக்கு நாள்தோறும் அப்பம் நிவேதனம். பூண்டி மாதா பேராலயத்தின் தொடக்கம் வீரமாமுனிவர் காலத்தது. 1999இல் பசிலிக்காவாக உயர்ந்தது. நாட்டறிந்த வழக்கறிஞர் பி. எஸ். சிவசாமி அய்யர் 1864இல் இப்பகுதியின் பழமார்நேரியில் பிறந்தவர். திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரால் மேல்நிலைப் பள்ளி நடக்கிறது.

ஊரின் பெயரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு போனவர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள். அவர் வாசித்தது கோட்டுவாத்தியம். வீணையைப் போலிருக்கும், மெட்டுகள் இல்லை. வலக்கை மீட்ட, இடக்கையில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துத் தந்திமேல் வழுக்கியே சுரங்களைப் பிடிக்க வேண்டும். மயிரிழை தவறினாலும் சுருதி விலகிவிடும். இந்த அரிய வாத்தியத்தில் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற சாஸ்திரிகள், சென்னை கலாக்ஷேத்திராவில் ஆசிரியராகவும் இருந்தார்.

இன்றைய தேவை

செங்கிப்பட்டியில் 2012இல் அரசுப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. விளைநிலத்தைக் காக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இந்த வட்டத்தையும் உள்ளடக்கியது. ஆனால் சட்டம் மட்டும் ஏரியை நிரப்பாது. உய்யக்கொண்டான் நீட்டிப்பையும் கட்டளை மேட்டு வாய்க்காலையும் ஆண்டுதோறும் மே மாதத்துக்குள் தூர்வாரி முடித்தால்தான் மேட்டுப்புற ஏரிகளுக்கு அவற்றின் பங்குத் தண்ணீர் வந்து சேரும். பொதுப்பணியில் இருப்பவர்கள் அந்த வேலையை முதல் வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும்.