லிங்கோட்டோ: மொட்டை மாடியில் கார் ஓடிய தொழிற்சாலை

ஒரு தொழிற்சாலையின் மொட்டை மாடியில் கார்கள் சீறிப் பாய்ந்தால் எப்படி இருக்கும்? இத்தாலியின் டுரின் நகரில் ஒரு காலத்தில் அது அன்றாடக் காட்சி. ஃபியட் நிறுவனத்தின் லிங்கோட்டோ ஆலைதான் அது.

ஃபியட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜியோவானி அக்னெல்லி, அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் ஆலையைப் பார்த்து வியந்தவர். அதுபோல ஒன்று தன் ஊரிலும் வேண்டும் என்று நினைத்தார். பொறியாளர் மத்தே துருக்கோ வடிவமைக்க, 1916ல் கட்டுமான வேலை தொடங்கியது. 1923ல் இத்தாலிய மன்னர் ஆலையைத் திறந்து வைத்தார்.

சுமார் அரை கிலோமீட்டர் நீளம், ஐந்து தளங்கள், முழுக்கக் கான்கிரீட். மூலப்பொருட்கள் கீழ்த்தளத்தில் உள்ளே வரும். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு வேலை முடிந்து, கார் மேலே ஏறிக்கொண்டே போகும். முழுமை பெற்ற கார் மாடிக்கு வந்ததும், அங்கே இருந்த சுமார் ஒரு கிலோமீட்டர் ஓடுபாதையில் ஓட்டிச் சோதிப்பார்கள். பிறகு சுருள் வடிவச் சாய்தளத்தில் கீழே இறங்கி விற்பனைக்குப் போய்விடும். பின்னாளில் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியே இந்தக் கட்டடத்தைப் பெரிதும் பாராட்டினார். 1969ல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் கார் துரத்தல் காட்சியிலும் இந்த மாடி வருகிறது.

ஆனால் உலகமே வியந்த அந்த அடுக்குமாடி அமைப்புதான் ஆலைக்கு எதிரியாகவும் ஆனது. உற்பத்தி பெருகப் பெருக, பொருட்களைத் தளம் தளமாக மேலே ஏற்றுவது சிரமமானது. 1939லேயே ஃபியட், மிராஃபியோரி என்ற இடத்தில் தரையோடு பரந்து விரிந்த புதிய ஆலையைத் திறந்துவிட்டது. லிங்கோட்டோ மெல்ல மெல்லப் பின்தங்கியது. 1982ல் அதை மூடினார்கள்.

இடித்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? அரை கிலோமீட்டர் நீளமுள்ள காலிக் கட்டடத்தை என்னதான் செய்வது? ஃபியட் 20 கட்டடக் கலைஞர்களிடம் யோசனை கேட்டது. கடைசியில் பொறுப்பு ரென்சோ பியானோவிடம் வந்தது. அவர் வெளித்தோற்றத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மாற்றினார். கண்காட்சி அரங்கம், இசை அரங்கம், ஹோட்டல், கடைகள், சினிமா எல்லாம் வந்தன. 2002ல் மாடியிலேயே ஒரு ஓவியக் கூடமும் திறக்கப்பட்டது. டுரின் புத்தகக் கண்காட்சி பல ஆண்டுகளாக இங்கேதான் நடக்கிறது. 2021ல் ஓடுபாதையைச் சுற்றி 40,000 செடிகளோடு தோட்டம் அமைத்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? சீரான இடைவெளியில் தூண்கள், பெரிய ஜன்னல்கள், நிறைய வெளிச்சம், கனமான இயந்திரங்களைத் தாங்கிய தளங்கள். கார் தயாரிப்பதற்காகச் செய்த ஏற்பாடு, வேறு எதற்கும் பொருந்தும்படி இருந்தது. தடுப்புச் சுவர்களை எங்கே வேண்டுமானாலும் எழுப்பலாம். ஒரே வேலைக்கு மட்டும் ஏற்றபடி கட்டியிருந்தால் இடிப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இங்கே வேலை செய்தார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற முடிந்தது. அந்த வேலைகளைக் காப்பாற்ற முடியவில்லை. வெல்டிங் பொறி பறந்த தளத்தில் இன்று பைகளோடு மக்கள் கடை கடையாக நடக்கிறார்கள். பழைய ஆலைகளைப் புதுப்பிக்கும் எந்த ஊரும் சுவர்களோடு சேர்த்து, அந்தச் சுவர்களுக்குள் உழைத்தவர்களின் கதையையும் பாதுகாக்க வேண்டும்.