தோல்வியும் தோழமையும்: வீடியோ விளையாட்டுக்களிற் கதையின் வரலாறு

வகுப்பறையில் ஒரு கணக்குப் பிழைத்ததும் கொப்பியை மூடிவிடும் மாணவன், வீட்டிலே திரையில் தோன்றும் ஓர் அரக்கனிடம் ஐம்பது தடவை மடிந்த பின்னரும் ஐம்பத்தோராவது தடவை எழுந்து நிற்கிறான். இதனைக் காணும் பெரியோர் பலர் 'போதை' என்ற ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்கின்றனர். ஆனால், ஒரு சமூகத் தோற்றப்பாட்டுக்குப் பெயர் சூட்டுவது அதனை விளக்குவதாகாது. விரும்பியே தோல்வியை ஏற்று, ஊதியமின்றி நூறு மணி நேரம் உழைக்கும் இம்மனநிலை எவ்வாறு உருவாயிற்று? அதிற் கதைக்குரிய பங்கு யாது? வரலாற்றை நோக்கினாலன்றி இவ்வினாக்களுக்கு விடை கிடையாது.

இவ்வகை விளையாட்டுக்களின் மூலம் கணினியன்று, காகிதமும் தாயக்கட்டையுமே. 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னுஞ் சிற்றூரிலிருந்து கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்த நண்பர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைக் கற்பனை செய்துகொண்டு கூட்டாக ஒரு கதையைப் புனைந்தனர். ஆயின், அதனுள்ளே மற்றொரு கூறும் இருந்தது. பாத்திரத்தின் வளர்ச்சி 'அனுபவப் புள்ளி' என்னும் எண்ணால் அளக்கப்பட்டது. கொணர்ந்த பொற்காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வழங்கப்பட்டது. செல்வத்தைச் சேர்த்தலே மனிதன் உயர்தல் என்ற முதலாளித்துவ அறம், மந்திரவாதியின் அங்கியைப் போர்த்திக்கொண்டு இங்கு நுழைந்ததெனலாம். கூட்டாகக் கதை புனைதல், தனியாகப் பொருள் குவித்தல் என்னும் இவ்விரு போக்குகளின் முரண்பாடே பின்வந்த வரலாற்றை இயக்கியது.

கணினிக்கு மாறியபோது முதலில் மேலோங்கியது இரண்டாவது போக்கே. மேசையைச் சுற்றியிருந்த நண்பர்கள் மறைந்தனர், எண்கள் எஞ்சின. இதற்கு எதிராக எழுந்த குறிப்பிடத்தக்க முயற்சி றிச்சர்ட் கரியற் 1985இல் வெளியிட்ட 'அல்ற்றிமா' வரிசையின் நான்காவது விளையாட்டாகும். அதிற் கொல்லப்பட வேண்டிய இறுதி அரக்கன் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளை வாழ்ந்து காட்டுவதே குறிக்கோள். பார்வையற்ற வணிகப் பெண்ணிடம் பொருளை வாங்கிவிட்டுக் குறைந்த காசைக் கொடுத்தால், அப்போது தண்டனை எதுவும் இல்லை. ஆனால் வாய்மை குறைந்துவிடும். ஆட்டக்காரனின் செயலே கதையாகும் என்ற பேருண்மை இங்கு வெளிப்பட்டது.

அதே காலத்தில் யப்பானில் வேறொரு முளை தோன்றியது. 1984இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'துருவாகாவின் கோபுரம்' அறுபது மாடிகளைக் கொண்டது. மாடிதோறும் ஒரு பேழை மறைந்திருக்கும். அது தோன்றுவதற்கு எதைச் செய்தல் வேண்டுமென்பது எங்குமே கூறப்படவில்லை. தனியொருவன் தன் கைக்காசைக் கொண்டு அதனைக் கண்டறிதல் அரிது. ஆகவே, விளையாட்டுக் கூடங்களில் வைக்கப்பட்ட பொதுக் குறிப்பேடுகளில் ஒருவர் கண்டதை மற்றவருக்காக எழுதிவைத்தனர். முகமறியா மனிதர் பலரின் அறிவு ஒன்றுசேர்ந்தே கோபுரம் வெல்லப்பட்டது. இரண்டாண்டுகளின் பின், 1986இல், மியமோட்டோ ஷிகெரு முதலானோர் உருவாக்கிய 'செல்டாவின் கதை' வந்தது. கியோட்டோவுக்கு அணித்தான சொனொபேயிற் சிறுவனாகக் காடும் குகையும் திரிந்த நினைவிலிருந்து மியமோட்டோ அவ்வுலகை வடித்தார். எத்திசையிலும் செல்லலாம், எந்தப் புதரின் கீழும் படிக்கட்டு ஒளிந்திருக்கலாம். கண்டறிந்தவற்றை ஆட்டக்காரர் தம்முட் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்பதே அவரது எண்ணமாயிருந்தது.

1980இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் மலோன் என்ற ஆய்வாளர் கணினி விளையாட்டுக்களின் கவர்ச்சிக்குச் சவால், கற்பனை, அறியும் ஆவல் என மூன்று காரணங்களைக் காட்டியிருந்தார். இம்மூன்றும் மனிதனின் உள்ளிருந்து எழுவன. ஆனால், சந்தைக்கு உள்ளிருந்து எழுவதில் அக்கறை குறைவு. விற்கக்கூடியதே அதற்கு வேண்டும். பெருமூலதனம் புகப் புக, தோல்வி என்பது நுகர்வோனை விரட்டும் குறையாகக் கருதப்பட்டது. செல்லுமிடத்தை அம்புக்குறி காட்டிற்று. கதையைத் திரைப்படத் துண்டுகள் ஓதின. 2006இல் பெதெஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' என்ற விளையாட்டிற் குதிரைக்குரிய கவசத்தை இரண்டரை டொலருக்குத் தனியாக விற்றது. உழைத்துப் பெறவேண்டியது காசுக்குக் கிடைக்கலாயிற்று. இப்பாதை சென்றடைந்த இடத்தை 2018 காட்டியது. காசு கொடுத்துத் திறக்கும் 'அதிர்ஷ்டப் பெட்டிகள்' சூதாட்டமே எனப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு அவ்வாண்டு தீர்ப்புக் கூறியது.

இந்தப் பின்னணியிலேதான் மியசாக்கி ஹிடெட்டக்காவை மதிப்பிடல் வேண்டும். வசதியற்ற குடும்பத்திற் பிறந்த அவர், நூல்நிலையத்திலிருந்து தம் வயதுக்கு மீறிய நூல்களை எடுத்து வாசித்தார்; விளங்காத பகுதிகளைப் படங்களைக் கொண்டும் தம் கற்பனையைக் கொண்டும் நிரப்பினார். விளங்காமை ஒரு தடையாகாது, வாசகனைப் படைப்பாளியாக்கும் வாய்ப்பாகவும் அமையலாம் என்ற அவரது கலைக்கொள்கைக்கு அவ்வறுமையே ஊற்று. புறொம்சொப்ற்வெயர் நிறுவனத்தில் எவரும் நம்பிக்கை வையாதிருந்த ஒரு வேலைத்திட்டத்தை அவர் பொறுப்பேற்றார். அதுவே 2009இல் 'டீமன்ஸ் சோல்ஸ்' ஆக வெளிவந்தது. யப்பானில் அதனை வெளியிட்ட சோனி, மேலை நாடுகளில் வெளியிடத் துணியவில்லை. வட அமெரிக்காவில் அட்லஸ் என்னும் சிறிய வெளியீட்டாளரே அதனைக் கொணர்ந்தார். சந்தையின் கணிப்பு பொய்த்தது; வாய்மொழியாகவே அதன் புகழ் பரவியது.

ஒருமுறை பனி மூடிய மலைச்சாலையில் அவரது காரும் பிறரின் கார்களும் சறுக்கி நின்றன. பின்னால் வந்தவர் முன்னாலிருந்த காரைத் தள்ளி ஏற்றிவிட்டனர். எவரும் நன்றி கூறுமளவுக்குக்கூட நிற்க முடியவில்லை. அந்த ஊமைத் தோழமையை அவர் விளையாட்டின் விதியாக்கினார். ஆட்டக்காரன் நிலத்தில் ஒரு குறிப்பை எழுதலாம். அது உலகின் வேறெங்கோ விளையாடுபவனின் நிலத்திலே தோன்றும். ஒருவன் மடிந்த இடத்திற் படிந்த இரத்தக்கறை, அவனது இறுதிக் கணங்களை அடுத்தவனுக்குக் காட்டி எச்சரிக்கும். தோல்வி அவமானமாகாது, பிறருக்குப் பயன்படும் அறிவாயிற்று. துருவாகாவின் குறிப்பேடு மீண்டும் பிறந்தது.

2011இல் வந்த 'டாக் சோல்ஸ்' இம்முறையைக் கதைக்கும் விரித்தது. அங்கு கதையை எவரும் தொடர்ச்சியாகச் சொல்வதில்லை. துருப்பிடித்த வாளின் குறிப்பு, இடிந்த சுவர், பாதி பேசி நிறுத்தும் முதியவர் ஆகியவற்றிலிருந்து, தொல்பொருளாய்வாளன் போல் ஆட்டக்காரனே வரலாற்றைக் கட்டவேண்டும். தீயின் யுகம் அணைகிறது. அதனைக் காக்க அரசன் குவின் தன்னையே எரித்தான். நீயும் அவ்வாறே செய்வாயாக என்கிறது ஒரு பாம்பு. அப்பாம்பின் சொல்லுக்கு உடனே இணங்காதவனுக்கு மட்டும் மற்றொரு பாம்பு தோன்றி, அடுத்து வரவிருந்தது மனிதரின் யுகம், அதற்கு அஞ்சியே குவின் அவ்வாறு செய்தான் என்கிறது. ஆளுவோர் தம் காலம் முடிவதை உலகம் முடிவதாகவே எப்போதும் கூறுவர் என்பதை இதனினும் கூர்மையாக உணர்த்துதல் எளிதன்று. இவ்விளக்கங்களையும் ஆட்டக்காரர் கூடி விவாதித்தே கண்டனர்.

2022 பெப்ரவரி 25இல் வெளியான 'எல்டன் றிங்' இப்போக்கின் உச்சம். அதன் தொல்கதையை எழுத்தாளர் ஜோர்ஜ் மார்ட்டின் அமைத்தார். பரந்த உலகில் ஓர் எதிரியை வெல்ல இயலாதவன் வேறு திசையிற் சென்று வலுப்பெற்று மீளலாம். மலேனியா என்ற வீராங்கனையிடம் பலரும் தோற்று நின்றபோது, தலையில் ஒரு சாடியை மட்டும் கவிழ்த்துக்கொண்ட ஆட்டக்காரர் ஒருவர், அழைத்தோர் உலகங்களுக்கெல்லாம் சென்று அவர்களுக்காகப் போராடினார். கூலி கேளாத இவ்வுதவி பலராலும் போற்றப்பட்டது. ஓராண்டுக்குள் 2 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. கடினமும் மௌனமும் மக்களை விரட்டும் என்ற சந்தைத் தத்துவம் இவ்வாறு உடைந்தது.

ஆயினும், இதனைக் கண்டு மயங்கிவிடலாகாது. ஆட்டக்காரர் கூடி உழைத்துக் கண்ட பொருள்களால் விளையாட்டின் மதிப்பு உயர்கிறது. அம்மதிப்பின் பணவடிவம் நிறுவனத்தையே சேர்கிறது. விலையுயர்ந்த இயந்திரமும் நூறு மணி நேர ஓய்வும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு எளிதிற் கிட்டுவனவல்ல. அன்றியும், திரையில் அந்நியனுக்குக் கைகொடுத்தவன் தெருவிலும் கைகொடுப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை.

எனினும், இவ்வரலாறு ஓர் உண்மையை மெய்ப்பித்துள்ளது. மனிதன் கடினத்துக்கு அஞ்சுபவனல்லன். பொருளற்ற கடினத்துக்கும், தனித்து விடப்பட்ட தோல்விக்குமே அவன் அஞ்சுகிறான். நமது பரீட்சை முறை மாணவனுக்கு அளிப்பவை இவ்விரண்டுமே: ஏன் கற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது, தவறினால் மீண்டும் முயல இடமில்லை, அயலவனின் விடையை நோக்குவது குற்றம். அதன்பின், பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என நாம் குறைபடுகிறோம். பொறுமை அவர்களிடம் உண்டு. அதனை ஐம்பத்தோராவது தடவையும் செலவிடத் தகுந்த உலகத்தை அவர்கள் வேறிடத்திற் கண்டுள்ளனர். ஒருவரின் தவறு அடுத்தவருக்கு வழிகாட்டியாகும் வகுப்பறையை அமைப்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு பொதுக் குறிப்பேடு போதும். அதில் எழுதும் உரிமை எல்லோருக்கும் இருத்தல் வேண்டும்.