தோள் கொடுத்த கிராமத்தார்

மருத்துவத் தொண்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தி பிடித்த கையையே காண்கின்றனர். அக்கத்தியைக் கொதிநீரில் இட்டவர் யார், நோயாளியைச் சுமந்து வந்தவர் யார், இருளில் விளக்கேந்தி நின்றவர் யார் என்று கேட்போர் சிலரே. அயல்நாடு சென்று அறுவைச் சிகிச்சை செய்யும் எந்தக் குழுவும் அந்நாட்டாரின் தோள்மீது நின்றே பணியாற்றுகிறது. இதற்குச் சிறந்ததொரு சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. அதனை இங்கே நினைவுகூர்வோம்.

1937 ஜூலையில் ஜப்பான் சீனத்தின்மீது முழுப் போர் தொடுத்தது. அவ்வாண்டின் இறுதியில் சீனத் தளபதி சூ தே, ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி வேண்டினார். அப்பொழுது நாமே அடிமைப்பட்டிருந்தோம். ஆயினும், 1938-இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் நிதி திரட்ட அழைத்தார், மக்கள் கொடுத்தனர். அலகாபாத்தின் டாக்டர் அடல், நாகபுரியின் டாக்டர் சோல்கர், கல்கத்தாவின் டாக்டர் பாசு, டாக்டர் முகர்ஜி, சோலாப்பூரின் டாக்டர் கோட்னிஸ் ஆகிய ஐவரும் 1938 செப்டம்பர் 1-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறினர். இன்று அவ்வூர்களில் வாழும் தமிழர் பலர், தம் தெருவழியே இத்தகைய மனிதர் நடந்தனர் என்பதை அறியாதிருக்கலாம்.

ஐவருக்கும் அங்கே சீனப் பெயர் சூட்டப்பட்டது. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் ‘ஹுவா’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது. அதன் பொருள் சீனம் என்பதே. கோட்னிஸ் ‘கே திஹுவா’ ஆனார். விருந்தினரை உறவினராக்கும் முறை அது.

1939 பிப்ரவரியில் குழு யெனான் நகரை அடைந்தது. பின்னர் கோட்னிஸும் பாசுவும் பகைவர் படைக்குப் பின்புறமிருந்த வடசீன மலைநாட்டிற்குச் சென்றனர். அங்கே நாம் நினைக்கும் வகையில் மருத்துவமனை எதுவும் இல்லை. கிராமத்தார் வீட்டுத் திண்ணையும் பழங்கோயிலுமே அறுவைக்கூடம். குளிர்நாட்டு வீடுகளில் அடியில் தீமூட்டி வெதுவெதுப்பாக வைக்கும் செங்கல் மேடை ஒன்று உண்டு. குடும்பம் முழுவதும் உறங்குவது அதன்மேல்தான். காயமுற்றோர் வந்தபோது அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தனர்.

வண்டி செல்லா மலைப்பாதைகளில் உழவர்கள் தூக்குக் கட்டிலைத் தோளில் தாங்கி, ஊர்விட்டு ஊர் மாற்றிச் சுமந்தனர். பெண்கள் குருதி தோய்ந்த துணிகளை வெளுத்து மீண்டும் கட்டுக்கு உதவுமாறு செய்தனர். இவ்வழியில் முன்னோடியாக விளங்கியவர் கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன். குருதி கொடுக்க மக்கள் அஞ்சியபோது, அவர் தம் குருதியையே முதலில் கொடுத்துக் காட்டினார். அதன்பின் கிராமத்தாரே குருதிக்கொடைக் குழு அமைத்தனர். கழுதையின் முதுகில் எரு சுமக்கும் கூடையைக் கண்டு, அதே வடிவில் மருந்துப் பெட்டகம் ஒன்றையும் அவர் செய்வித்தார். மேலைநாட்டுக் கல்வி, சீன உழவனின் எருக்கூடையிடம் பாடம் கேட்ட செய்தி இது.

பெத்யூன் 1939 நவம்பர் 12-இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய சர்வதேச அமைதி மருத்துவமனைக்குக் கோட்னிஸ் 1941-இல் தலைவரானார். அந்நாள்களில் ஜப்பானியப் படை ஊர்களைச் சூழ்ந்து எரித்தும் கொன்றும் கொள்ளையிட்டும் வந்தது. நோயாளியை மறைத்து வைத்த வீடு தீக்கிரையாகும் என்பதை வீட்டார் அறிவர். அறிந்தும் மறைத்தனர். இதனை வெறும் இரக்கம் என்று சொல்லி முடித்துவிடலாகாது. சுமக்கப்பட்டவன் பெரும்பாலும் அவர்கள் நாட்டு மகன். காக்கப்பட்டது அவர்கள் நிலம். படையும் கிராமச் சங்கங்களும் அவர்களை அணிதிரட்டின என்பதும் உண்மை. ஆயினும் ஆபத்து வந்த இரவில் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவ்வீட்டார் கையிலேயே இருந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கதையில் மற்றொரு செய்தியும் முதன்மையாகத் தோன்றுகிறது. வலி குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா என்பதை நோயாளி தன் தாய்மொழியிலேதான் சொல்வான். அதனை அறியாத மருத்துவன் பாதிக் குருடன். கோட்னிஸ் சீன மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பாடம் நடத்தி, அறுவை மருத்துவ நூல் ஒன்றையும் எழுதத் தொடங்கினார். மருத்துவப் பள்ளியில் செவிலியர் கல்வி கற்பித்த குவோ சிங்லானை 1941-இல் மணந்தார். பிறந்த மகனுக்கு, இந்தியாவையும் சீனத்தையும் குறிக்கும் இரு எழுத்துகளைச் சேர்த்து ‘யின்ஹுவா’ எனப் பெயரிட்டனர்.

1942 டிசம்பர் 9-இல் கோட்னிஸ் மறைந்தார். அகவை 32. அவர் கல்லறை ஷிஜியாஜுவாங் நகரில் உள்ளது. ஏனைய நால்வரும் தாயகம் திரும்பினர். இறுதியாக 1943-இல் வந்தவர் பாசு. அவர் 1958-இல் மீண்டும் சீனம் சென்று, ஊசிவழி மருத்துவத்தைக் கற்றுவந்து கல்கத்தாவில் பரப்பினார். கற்பிக்கச் சென்ற நாட்டிடமே கற்றுக்கொண்ட அடக்கம் அவருடையது.

கோட்னிஸின் வரலாற்றை வி. சாந்தாராம் 1946-இல் திரைப்படமாக்கினார். 1962-இல் இரு நாடுகளும் எல்லையில் போரிட்டன. அதன்பின்னும் சீனத் தலைவர்கள் இந்தியா வந்தபோது கோட்னிஸின் குடும்பத்தாரைக் கண்டு வணங்கினர். இது மகிழத்தக்கது. ஆனால் கட்டில் சுமந்த தோளுக்குரியவர் பெயரை எந்தக் கல்லிலும் நாம் காணவில்லை. அவர் இல்லையேல் மருத்துவர் கைக்கு நோயாளி வந்தே சேர்ந்திரான்.

பிறமொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் நாமும் இதனை எளிதில் உணரலாம். முதல் நாளன்று வழிகாட்டியவர், காய்ச்சலில் கஞ்சி கொடுத்தவர், தம் மொழியில் நான்கு சொல் கற்பித்தவர் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் இருந்திருப்பார். அவர் பெயரையேனும் நாம் மறவாதிருப்போமாக.