ஊசி யார் கையில் இருக்கணும்?

2008 ஏப்ரல். திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் அன்றே இறந்துபோனார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது. அதன்பின் வந்த அரசு உத்தரவு: இனி கிராமத்தில் ஊசி கிடையாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் இருக்கும்போது மட்டும்தான்.

அதுவரை ஊசி போட்டது யார்? கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு 'நர்ஸம்மா'. டாக்டர் பட்டம் இல்லை. ஒன்றரை வருஷப் பயிற்சி. ஆனால் எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எத்தனை மாசம் என்று அவருக்குத் தெரியும்.

பெற்றவர்களின் பயம் நியாயமானதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டம்மை மருந்து எப்படி வருதுன்னு பாருங்க. பொடியாக வரும். அதோடு வரும் கரைப்பானை மட்டுமே சேர்த்துக் கலக்கணும். கலந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். வேறு மருந்தைக் கலந்தாலோ, நேரம் தாண்டினாலோ உயிருக்கே ஆபத்து. இந்த ஒழுங்கு பயிற்சியிலும் கண்காணிப்பிலும் வருவது, பட்டத்தில் வருவதில்லை.

பெரியம்மையை ஒழித்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1960-களில் வந்த இரட்டை முனை ஊசியால், தோலில் 15 தடவை லேசாகக் குத்தினால் போதும். டாக்டர் அல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கற்றுக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

சரி, 2008 உத்தரவுக்கு அப்புறம்? ஆரம்ப சுகாதார நிலையம் பல ஊர்களுக்குப் பஸ் பிடித்துப் போகும் தூரம். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 2005-06-ல் முழுத் தடுப்பூசி பெற்ற தமிழ்நாட்டுக் குழந்தைகள் 80.9 சதவீதம், 2015-16-ல் 69.7. இந்த ஒரு உத்தரவுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லிட முடியாது. ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்றும் தோணலை.

பிற்பாடு ஊசி மறுபடி கிராமத்துக்கே போனது. 2019-21 ஆய்வில் 89.2 சதவீதம்.

இறந்த நான்கு குழந்தைகள் நம் கண்ணில் பட்டார்கள். ஊசி போடாமல் விடுபட்ட குழந்தைகள் செய்தியில் வரவே இல்லை. கொள்கை வகுக்கும்போது இரண்டு பேரையும் எண்ணணும், இல்லையா?